நாற்பத்தைந்தாம் அளவு பூட்ஸ்

ஆள் இல்லாத வீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டுவதுதான் தூரிட்டின் வேலை.

தெர்னசுண்ட் ஊரின் கடற்கரைத் தெருவில் வரிசையாக நிற்கும் வெள்ளை மரவீடுகளில் ஆறு வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது. ஆறும் தலைநகர் ஆஸ்லோக்காரர்களுடையவை. கோடையில் சில வாரம், ஈஸ்டர் விடுமுறையில் சில நாள், அவ்வளவுதான் அவர்கள் வருவது. மற்ற மாதங்களில் அந்த வீடுகளில் சோபாக்களும் ஜன்னலோரத்துப் பீங்கான் நாய்களும் மட்டுமே குடியிருந்தன.

ஆனால் நகராட்சியில் ஒரு விதி இருந்தது. ஊருக்குள் வீடு வாங்கியவர், அதில் வருஷம் முழுக்க ஒருவராவது குடியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது ஒருவர் அந்த முகவரியில் பேரைப் பதிந்துகொண்டு, உண்மையாகவே அங்கே உண்டு உறங்கினால் போதும். இல்லையென்றால் அபராதம். அதற்கும் மசியவில்லையென்றால் வீட்டை விற்கச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் இதை ஆளிருப்பு விதி என்றார்கள். குளிர்காலத்தில் தெருத்தெருவாக ஜன்னல்கள் இருண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து, மளிகைக் கடையும் மூடும் நிலை வந்தபோது கொண்டுவந்த விதி அது. விதி வந்த அடுத்த குளிர்காலமே தூரிட்டுக்கு வேலை வந்தது.

முதலில் ஆஸ்லோக்காரர்கள் விளக்குகளுக்குத் தானியங்கிக் கடிகாரம் பொருத்திப் பார்த்தார்கள். அது எதிர்வரிசை வீட்டு ஒட்வாரிடம் பலிக்கவில்லை. ஒட்வார் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைநோக்கியை இன்னும் கீழே வைக்கவில்லை. "கடிகாரம் போட்ட வெளக்கு நிமிஷம் பிசகாது. மனுஷன் பிசகுவான்" என்பார். அவர் போட்ட புகாரில் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. அதை வாங்கியவரும் ஆஸ்லோக்காரர்தான், அது வேறு விஷயம்.

ஆகவே பிசகுவதற்கு ஒரு மனுஷி தேவைப்பட்டாள். தூரிட் நன்றாகப் பிசகினாள். ஒருநாள் சமையலறை விளக்கை முதலில் போடுவாள், மறுநாள் மாடி விளக்கை. சில நாள் கழிப்பறை விளக்கை அணைக்க மறப்பாள். தன் சமையலின் மிச்சத்தை ஆறாகப் பிரித்து ஆறு குப்பைத் தொட்டிகளில் போடுவாள். ஒரு வீட்டில் மீன் முள், இறைச்சி சாப்பிடாதவர் வீட்டில் கேரட் தோல். துணியை நனைத்துக் கொடியில் போட்டு, விறைத்ததும் எடுத்து வைப்பாள். பால் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளில் கொட்டிவிட்டு வேறு வாங்குவாள். வசந்தத்தில் தெருக்காரர்கள் எல்லோரும் கூடிச் சருகு வாரும் நாளில், ஆறு வீட்டு வாரியல்களையும் தோளில் சுமந்துகொண்டு அவள் ஒருத்தியே வந்து நிற்பாள்.

எல்லாவற்றையும்விடக் கடினம் பனிதான். ராத்திரி பெய்த பனி காலையில் வாசலில் கலையாமல் கிடந்தால் அதுவே வாக்குமூலம். அதனால் அவள் நடந்து நடந்து தடம் போடுவாள்.

ஐம்பத்தெட்டு வயது அவளுக்கு. குன்றுக்கு அந்தப் பக்கம், படகுப் பட்டறைகளின் நடுவே, ஒரு நிலவறையில் வாடகைக்கு இருந்தாள். ஜன்னல் என்று அங்கே இருந்தது, போகிறவர்களின் கணுக்கால் தெரியும் அளவுக்கு ஒரு கண்ணாடி. வீட்டுக்காரி ஜூன் வந்தால் அந்த அறையை வாரக்கணக்கில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிடுவாள். அந்த மாதங்களில் தூரிட் மகனுடைய பழைய கேரவன் வண்டியில் இருப்பாள். மகன் இந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் வடக்கே போய்ச் சேர்ந்தவன். ஊரில் வாடகை வீடு இல்லாமலில்லை. வாரக்கணக்கில் நிறைய இருந்தது.

அவள் ஆசைப்பட்டது கார்ஸ்டன் வீட்டுப் பின்கட்டுக்கு. ஆறு வீட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவரான கார்ஸ்டன் பல் மருத்துவர். தலைநகரில் நான்கு மருத்துவமனை, மலையில் ஒரு குடில், ஸ்பெயினில் ஒரு அடுக்ககம், மாணவர்களுக்கு வாடகைக்கு விட இன்னும் சில. "அவன் வாயில இருக்குற பல்லைவிட வீடு ஜாஸ்தி" என்பார் ஒட்வார். கார்ஸ்டனின் கடற்கரை வீட்டுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் துணி வெளுக்கக் கட்டிய சின்னக் கட்டடம் ஒன்று இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு, கிழக்கே பார்த்த ஜன்னல். உடைந்த தோட்ட நாற்காலிகளைத் தவிர அதில் எதுவும் கிடையாது.

அந்தக் கோடையின் கடைசி நாள், கார்ஸ்டன் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தூரிட் கேட்டேவிட்டாள்.

"கார்ஸ்டன், வீட்டை எனக்கே வாடகைக்கு விட்டா என்ன? விதியும் நெசமாவே நிறைவேறிடும். நீங்க வர்ற நாள்ல நான் கேரவனுக்குப் போயிடறேன்."

கார்ஸ்டன் அவள் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷன். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

"தூரிட், நீங்க குடியிருந்தா வீட்டுல ஆள் இருக்குற மாதிரி ஆயிடுமே."

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்குறீங்க?"

"அது வெளியிலேர்ந்து பாக்குறவங்களுக்கு. உள்ள வந்தா எங்க வீடா இருக்கணும்ல? லிஸ்பெத்துக்கு அடுத்தவங்க சமையல் வாசனை ஒத்துக்காது."

காரில் இருந்த அவர் மனைவி லிஸ்பெத் கையசைத்துச் சிரித்தாள்.

"அப்ப பின்கட்டு?"

கார்ஸ்டன் யோசித்தார். யோசித்ததே தூரிட்டுக்குப் பெரிதாக இருந்தது. "அதப்பத்தி எங்களுக்கும் ஒரு எண்ணம் இருக்கு. வர்ற குளிர்காலத்துல ஏதாவது பண்ணணும். ஒண்ணு செய்யுங்க. உங்க முகவரிய இப்பவே இங்க மாத்திப் பதிஞ்சுருங்க. நகராட்சிக்காரங்க வாய அடைச்ச மாதிரியும் இருக்கும். மத்ததைப் பொறுமையாப் பேசிக்கலாம்."

மத்தது என்றால் பின்கட்டு என்று தூரிட் எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே பதிந்தாள். கார்ஸ்டன் வீட்டுத் தபால்பெட்டியில் அவள் பேர் ஏறியது. ஊரில் எல்லோரிடமும் கடற்கரைக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னாள். ரொட்டிக் கடையில் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒருத்தி, "இனிமே எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?" என்றாள். தூரிட்டுக்கு அது கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

நவம்பரில் தச்சர்கள் வந்தார்கள். பின்கட்டைத் திறந்துவிட்டது அவள்தான். அவர்களுக்கு வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவிவைத்துக் கொடுத்தாள். உடைந்த நாற்காலிகள் வெளியே போயின, புதுப் பலகைகள் உள்ளே போயின. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கட்டில் ஜன்னல் பக்கம் வருமா, அடுப்புப் பக்கம் வருமா?" என்று கேட்டாள்.

"கட்டிலா?" என்றான் தச்சன். "நீராவிக் குளியல் அறையில கட்டில் எதுக்கு? வெந்துபோவீங்க."

கூட இருந்தவன் வாஃபிளை மென்றபடியே சிரித்தான்.

போனில் கார்ஸ்டன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அட, லிஸ்பெத் சொல்லலையா? அவளோட ரொம்ப நாள் ஆசை அது. ஆனா ஒண்ணு தூரிட், அதையும் சுத்தம் பண்ண நேரம் ஆகும்ல, அதுக்குத் தனியாச் சேத்துத் தந்துடறேன்."

அந்த மாதமே முதல் பனி பெய்தது. ஒரு பெண்ணின் தடம் மட்டும் தினமும் காலையில் வந்து இரவில் போனால், குடியிருக்கவில்லை, வேலைக்காரியாகத்தான் வருகிறாள் என்று ஒட்வார் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே முன்னறையில் இருந்த கார்ஸ்டனின் பூட்ஸை எடுத்தாள். நாற்பத்தைந்தாம் அளவு. உள்ளே ஆட்டு ரோமம். தெருமுனை விறகுக் கொட்டகையில் அதை மாட்டிக்கொண்டு, ஒரு சுமை விறகைக் கையில் ஏந்தி, ஒரு ஆம்பிளையின் கனத்தோடு அழுத்தி அழுத்தி வாசல்வரை நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது தடம் அச்சு அசலாக இருந்தது.

மறுநாளே வேலிக்கு அப்பாலிருந்து ஒட்வார் குரல் கொடுத்தார்.

"ஏம்மா தூரிட், வாசல்ல ரெண்டு ஜோடிக் காலடி. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு பெரிய கப்பலா இருக்கே?"

தூரிட் வேலிப்பக்கம் திரும்பினாள். "என்கூட இருக்குறவரு."

"அடி மகராசி! யாரு?"

"ரைடார்னு பேரு." வாய் தானாகச் சொன்னது. "எண்ணெய் மேடையில வேலை. ரெண்டு வாரம் கடல்ல, நாலு வாரம் வீட்டுல."

"நாலு வாரம் வீட்டுல இருக்கானா? என் கண்ணுல படவே இல்லையே?"

"தூங்குவாரு."

ஒட்வார் கெக்கலித்துச் சிரித்தார். "எண்ணெய்க்காரன் சம்பளம், வாய் பேசாம தூங்குற குணம். கெடைச்சா விடாதே. என் மக சிக்க வெச்சதெல்லாம் முழிச்சிட்டே குடிக்கிற ரகம்."

சாயங்காலத்துக்குள் ரொட்டிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் ரைடார் போய்ச் சேர்ந்துவிட்டார். தூரிட் மறுக்கவில்லை. மறுத்தால் ஆறு வீட்டு வேலையும் போய்விடும். அதோடு, கடையில் பேர் சொல்லி ஒருவன் நலத்தை விசாரிக்கும்போது பதில் சொல்வதும் சுகமாகத்தான் இருந்தது. கொடியில் கார்ஸ்டனின் சட்டை ஒன்றையும் நனைத்துப் போட்டாள். குளியலறையில் ஒரு சவரக் கத்தி வைத்தாள். செய்வதைத் திருந்தச் செய்கிறவள் அவள்.

நிலவறை வீட்டுக்காரி கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து நின்றாள். அறையை இனி வருஷம் முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறாளாம். புது வருஷத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

"மூணு மாசம் முன்னாடி சொல்லணும்ல?" என்றாள் தூரிட்.

"குடியிருக்குறவங்களுக்குத்தான் அது. உன் முகவரி கடற்கரைத் தெருன்னு ஊருக்கே தெரியும். இங்க நீ சாமான்தானே போட்டு வெச்சிருக்க?"

தூரிட் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேராக நகராட்சிக்குப் போனாள். போக்கிடம் இல்லாதவர்களுக்கு நகராட்சியே குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும். வீட்டுப் பிரிவில் இங்வில்ட் இருந்தாள். முப்பது வயதுக்காரி, கனிவானவள்.

"உங்களுக்கா வீடு? தூரிட், நீங்க கடற்கரைத் தெருவுல இருக்கீங்க. இந்த ஊர்லயே அதைவிட நல்ல ஜன்னல் கிடையாது."

தூரிட் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, வேலை போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விளக்கு, குப்பை, பால், துணி, பனி.

இங்வில்ட் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "நான் தெனமும் அந்தத் தெரு வழியாத்தான் வீட்டுக்குப் போறேன். வெளக்கெல்லாம் எரியுது. இந்த விதியால உசுரு வந்த தெருன்னு மேயர் மேடை மேடையாச் சொல்றாரு. நீங்க அதப் பொய்யிங்கறீங்க."

"பொய்தான். வாங்க, காட்டறேன்."

அவளை அழைத்துக்கொண்டு போனாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வேலையை ஒருவருக்குக் காட்டினாள்.

"இந்தப் பால நான் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொட்டிடறேன்."

"நானும்தான் கொட்டறேன். யாருதான் கடைசிச் சொட்டுவரைக்கும் குடிக்கிறாங்க?"

"இந்தப் படுக்கையில யாரும் படுக்கறதில்ல. நான்தான் கலைச்சு வெக்கிறேன்."

இங்வில்ட் தலையணையைத் தொட்டாள். பள்ளம் இருந்தது. குளியலறையில் இரண்டு பல்துலக்கி, இரண்டும் ஈரம். சவரக் கத்தியின் ஓரத்தில் நுரை காய்ந்திருந்தது. மேசையில் ரொட்டித் துணுக்கு. தூரிட் பொய் என்று சுட்டிய ஒவ்வொன்றும் உண்மையைப்போல அவளைத் திரும்பிப் பார்த்தது. ஊரில் இவ்வளவு நன்றாகக் குடியிருந்த வீடு வேறு இல்லை.

"நான் நிலவறையில இருந்தேன். வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க."

இங்வில்ட் அங்கேயே நின்று போன் செய்தாள். வீட்டுக்காரி, தூரிட் சாமான்தான் போட்டு வைத்திருக்கிறாள் என்றாள்.

வாசலில் ஒட்வார் காத்திருந்தார். நகராட்சிக் காரைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

"இந்த வீட்டப்பத்திக் கேட்டா என்னைக் கேளும்மா. தெருவுல பாதி மோசடி. இது ஒண்ணுதான் சுத்தம். இவ இருக்கா, இவ ஆம்பிளை ரைடார் இருக்கான். நானே பாத்திருக்கேன்."

"பாத்தீங்களா? ஆளையா?" தூரிட் கத்தியே விட்டாள்.

"ஆளைப் பாக்கணுமா? முப்பது வருஷம் கப்பல் பாத்தவன் நான். தடத்தைப் பாத்தா போதும். நூறு கிலோ இருப்பான். இடது காலு லேசா இழுக்கும்."

இடது கை வலியால் விறகை வலப்பக்கமாகவே ஏந்துவது தூரிட்டின் பழக்கம்; அந்தச் சாய்வில் இடது கால் இழுபடும்.

"ஒட்வார், அது நான்! அவரோட பூட்ஸைப் போட்டுக்கிட்டு நான்தான் நடக்கிறேன்!"

ஒட்வார் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் சிவந்தது. ஊரே அவரிடம்தான் எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று கேட்கும். ஒரு துப்புரவுக்காரி பூட்ஸ் மாட்டி அவரை ஏமாற்றினாள் என்பதை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? "வீடு வேணும்னா நேர்மையாக் கேக்கணும். புருஷனையே இல்லேன்னு சொல்றது என்ன பொழப்பு?" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார்.

இங்வில்ட் குரலைத் தாழ்த்தினாள். "எண்ணெய் மேடைச் சம்பளம் வர்ற வீட்டுக்கு நகராட்சி வீடு குடுக்க முடியாது தூரிட். ரெண்டு பேருக்குள்ள ஏதாவது சண்டைன்னா சொல்லுங்க, குடும்ப ஆலோசகர் கிட்ட நேரம் வாங்கித் தரேன்." காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள். "நீங்க சொன்னது நெசமா இருந்தா பொய் முகவரிக்கு வழக்குப் போட வேண்டியிருக்கும். அதனால நான் அத நம்பலேன்னு வெச்சுக்கங்க. உங்க நல்லதுக்குத்தான்."

அந்தச் சோதனையின் முடிவு கார்ஸ்டனுக்கும் போனது: வீட்டில் ஆள் குடியிருக்கிறது, விதி மீறல் இல்லை. அவர் போனில் மகிழ்ந்துபோனார். "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு வேண்டாம். இனி அஞ்சு வருஷத்துக்கு யாரும் கதவைத் தட்டமாட்டாங்க. பிரமாதம் தூரிட்!"

புது வருஷத்தில் அவள் கேரவனுக்குப் போனாள். கேரவன் நின்ற முகாம் மைதானத்தில் குளிர்காலத்துக்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். மூச்சு உறைந்து ஜன்னலின் உள்பக்கத்தில் படிந்தது. பகலெல்லாம் ஆறு வீடுகளில் அடுப்பெரித்தாள். சாயங்காலம் ஆறு வீட்டு விளக்கையும் ஏற்றினாள். ஒவ்வொன்றும் இத்தனை நேரந்தான் என்று கணக்கு. மின்சாரம் எப்போது எவ்வளவு ஓடியது என்று சொந்தக்காரர்கள் ஆஸ்லோவில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் கடல் ஓரமாக உறைந்த வாரம், இரண்டு இரவு அவளால் முடியவில்லை. கார்ஸ்டன் வீட்டுக் குளியலறைத் தரையை, அடியில் ஓடும் மின்கம்பியால் சூடாக்கிக்கொண்டு, அதன்மேல் கோட்டோடு படுத்தாள். படுக்கையில் படுக்கவில்லை. லிஸ்பெத்துக்கு வாசனை ஒத்துக்காது.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"தூரிட், ராத்திரியில பாத்ரூம் தரைச் சூடு ஓடியிருக்கே?"

"குளிர் தாங்கல கார்ஸ்டன்."

"நீங்க அங்க குடியிருக்கல. அது உங்களுக்கே தெரியும்."

"குடியிருக்கேன்னு நகராட்சி சொல்லுதே."

"அது நகராட்சிக்கு." கார்ஸ்டன் மெதுவாகச் சிரித்தார். கோபமே இல்லை. "லிஸ்பெத் வேற ஆள் பாக்கலாம்னா. நான்தான் வேணாம்னேன். உங்கள மாதிரி யாரு செய்வா? அந்த ரெண்டு ராத்திரிய விருந்தாளி வாடகையா சம்பளத்துல கழிச்சுக்கறேன். கோடை ரேட்டு இல்ல, குளிர்கால ரேட்டுதான். நீங்க நம்ம வீட்டு மனுஷியாச்சே."

தூரிட் நன்றி சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் கனத்த பனி பெய்திருந்தது. அவளுடைய சொந்தப் பூட்ஸின் அடி வாய்பிளந்து, கேரவனிலிருந்து நடந்து வருவதற்குள் காலுறை நனைந்துவிட்டது. விறகுக் கொட்டகையில் நாற்பத்தைந்தாம் அளவு பூட்ஸுக்குள் காலை விட்டாள். ஆட்டு ரோமம் பாதத்தைக் கவ்விப் பிடித்தது. விறகோடு தன் பூட்ஸையும் சுமந்துகொண்டு, இடது காலை லேசாக இழுத்தபடி, வாசல்வரை போனாள்.

கதவுக்கு உள்ளே பூட்ஸைக் கழற்றி வைத்தாள். விளக்கு, அடுப்பு, பால், ரொட்டித் துணுக்கு, தலையணைப் பள்ளம். மற்ற ஐந்து வீடும் பாக்கி. பூட்ஸைப் பார்த்தாள். ஒருநாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு, அதையே போட்டுக்கொண்டு போனால் என்ன?

ஜன்னல் வழியே எதிர்வீட்டில் தொலைநோக்கி மின்னியது. நகராட்சிச் சோதனை நாளிலிருந்து அவளோடு பேசாதிருந்த ஒட்வார், இன்று தடத்தைப் பார்த்துச் சமாதானமாகி, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தூரிட் ஜன்னலைத் திறந்தாள்.

"ரைடார் வந்துட்டானா?"

"வந்துட்டாரு."

"நாலு வாரம் இருப்பானா?"

"இருப்பாரு."

"குடுத்து வெச்சவ. வீடு கதகதன்னு இருக்கும்."

வந்தவன் நான்கு வாரத்துக்கு வெளியே போகக் கூடாது. அவனுடைய பூட்ஸும்தான். தூரிட் பூட்ஸை வாசல் விரிப்பின்மேல் பார்வையில் படும்படி சோடியாக நிறுத்தினாள். வாய்பிளந்த தன் பூட்ஸுக்குள் ஈரக் காலுறையோடு காலை மறுபடி திணித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.